கணித மேதை மரியா அக்னேசி அம்மையார்

இணைகோடுகளின் சாய்வுகள் சமம். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு சாய்கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 வரும். பகுமுறை வடிவகணிதத்தில் நாம் படிக்கும் பாடம் இது. இக்கணிதத்தை இளைஞர் பயில்வதற்கென அன்றே தெளிவான நூல் எழுதியவர் ஒரு பெண்மணி என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவரே மரியா காயெத்தானா அக்னேசி.

இத்தாலியின் மிலான் நகரில், பட்டு வாணிபத்தால் செல்வம் சேர்த்த குடும்பத்தில், 1718-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் இவர் பிறந்தார். இளமையிலேயே பல மொழிகள் கற்றார். பெண்களுக்கும் உயர்கல்வி வேண்டும் என்று ஒன்பதாம் வயதில் இலத்தீனில் சொற்பொழிவாற்றினார். அறிஞர்களை வீட்டிற்கு அழைத்து மகளின் புலமையைக் காட்டுவதில் தந்தைக்குப் பெருமை. மகளின் உள்ளமோ கன்னியர் மடத்தை நாடியது. தந்தை இசையவில்லை. எளிய உடை அணியவும், விரும்பியபோது கோவிலுக்குச் செல்லவும், கேளிக்கைகளைத் தவிர்க்கவும் அனுமதி பெற்றுக்கொண்டு வீட்டிலேயே தங்கினார். தம்பி தங்கையரின் கல்வியையும் கவனித்தார்.

1748-இல் இவருடைய பெருநூல் இரு பாகங்களாக வெளிவந்தது. இயற்கணிதம், பகுமுறை வடிவகணிதம், நுண்கணிதம் ஆகியவற்றைப் படிப்படியாக விளக்கிய அந்நூலை ஐரோப்பிய அறிஞர்கள் பாராட்டினர். பேரரசி மரியா தெரேசா வைர மோதிரம் அனுப்பிச் சிறப்பித்தார். 1750-இல் பாப்பரசர் 14-ஆம் ஆசீர்வாதப்பர் இவரைப் பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பிக்க நியமித்தார். ஆனால் இவர் அங்கே சென்று கற்பிக்கவேயில்லை.

அந்நூலில் வரும் ஒரு வளைகோடு இன்றும் இவர் பெயரால் வழங்குகிறது. மாணவிகளே, நீங்களும் அதை வரையலாம். ஒரு வட்டமும், O-விலிருந்து மேலே A வரை நேர்குத்தாக ஒரு விட்டமும் வரையுங்கள். A-யில் தொடுகோடு வரையுங்கள். O-விலிருந்து செல்லும் ஒரு கோடு வட்டத்தை B-யிலும் தொடுகோட்டை C-யிலும் வெட்டட்டும். C-யிலிருந்து தொடுகோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடும், B-யிலிருந்து தொடுகோட்டுக்கு இணையாக மற்றொரு கோடும் வரைந்தால் அவை P-யில் சந்திக்கும். P-யின் x மதிப்பை C தருகிறது. Y மதிப்பை B தருகிறது. O வழியாகச் செல்லும் கோட்டைத் திருப்பத் திருப்ப, P ஒரு அழகிய குன்று போன்ற வளைகோட்டில் நகரும். 'திரும்புதல்' என்ற பொருளில் பிறந்த அதன் இத்தாலியப் பெயரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் 'சூனியக்காரி' எனத் தவறாகக் கொண்டார். அந்த மொழிபெயர்ப்பு 1801-இல் அச்சானது, அப்பெயரும் நிலைத்துவிட்டது.

1752-இல் தந்தை காலமானார். அதன்பின் அக்னேசி கணிதத்தை விட்டு, ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் தொண்டு செய்வதையே வாழ்வாகக் கொண்டார். தம் செல்வத்தையும் அவர்களுக்கே செலவிட்டார். 1771-இல் மிலானில் தொடங்கிய முதியோர் இல்லத்தில் பெண்கள் பகுதியின் பொறுப்பை ஏற்றார். பின்னர் அங்கேயே குடியேறினார். 1799-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள், தம் 80-ஆம் வயதில் மறைந்தார். ஏழைகளோடு பொதுக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

இத்தகைய மேதை கணிதத்தைக் கைவிட்டாரே என வருந்துவோர் உண்டு. ஆனால் பிறர் மெச்சுவதற்காகக் கற்கவும் அவர் விரும்பவில்லை. பதவிக்காகக் கற்பிக்கவும் விரும்பவில்லை. கற்றதைத் தெளிவாக எழுதி இளையோர் கையில் கொடுத்தார். பிறகு, தம் கை தேவைப்பட்டோரிடம் சென்றார். பெண்களுக்குக் கணிதம் வராது என்று யாரேனும் சொன்னால், அந்த வளைகோட்டை வரைந்து காட்டுங்கள்.