குடைக் காசின் அரசன்

யெருசலேமில் வழங்கிய பழைய வெண்கலக் காசு ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கம் குஞ்சம் தொங்கும் அரசக் குடை. சுற்றிலும் கிரேக்க எழுத்தில் அகிரிப்பா அரசன் என்னும் பெயர். மறுபக்கம் மூன்று வாற்கோதுமைக் கதிர். ஆண்டு 6 என்னும் குறி. அரசன் முகம் மட்டும் இல்லை.

அகிரிப்பா என்ற பெயரோடு ஆண்டவர்கள் இருவர், தந்தையும் மகனும். அர்ச். சின்னப்பர் நின்று வழக்குரைத்தது மகன் முன்னிலையில். ஆனால் யெருசலேமில் அரசனாயிருந்தவன் தந்தை ஒருவனே. ஆகவே காசு அவனுடையது. அப்போஸ்தலர் நடபடியில் அர்ச். இராயப்பரைச் சிறையிலிட்ட ஏரோது என்பவனும் அவனே.

இவன் பெரிய ஏரோதனின் பேரன். பாலனாயிருக்கையிலேயே இவன் தகப்பனை அந்தப் பாட்டன் கொல்வித்தான். உரோமையில் வளர்ந்து, ஆடம்பரத்தால் கடனாளியாகி, ஒருசமயம் உயிரை மாய்த்துக்கொள்ளவும் எண்ணினான். கலிகுலா ஆளவேண்டுமென்று வாய்தவறிச் சொன்னதற்காகத் திபேரியு சக்கரவர்த்தி இவனை இரும்புச் சங்கிலியிட்டுச் சிறைப்படுத்தினான். கி.பி. 37-ல் திபேரியு இறந்ததும், கலிகுலா இவனை விடுவித்து, அச்சங்கிலியின் எடைக்கு எடை பொற்சங்கிலி அளித்து அரசனாக்கினான். 41-ல் கிளாவுதியு சக்கரவர்த்தி யூதேயாவையும் தந்தான். சர்வேசுரன் தாழ்ந்தோரை உயர்த்துகிறார் என்பதற்கு அடையாளமாக, அகிரிப்பா அப்பொற்சங்கிலியை யெருசலேம் தேவாலயத்தில் தொங்கவிட்டான்.

ஆயினும் சிறைவேதனை அறிந்தவன் பிறருக்கு இரங்கினானில்லை. அர்ச். யாகப்பரை வாளால் வெட்டுவித்தான். அது சிலருக்குப் பிரியமாயிருக்கக் கண்டு, இராயப்பரையும் பிடித்து இரண்டு சங்கிலிகளால் கட்டுவித்தான். திருச்சபை இடைவிடாது செபித்தது. சம்மனசானவர் வந்தார், சங்கிலிகள் கழன்று விழுந்தன.

யெருசலேமில் வேதக் கட்டளையை முன்னிட்டுத் தன் முகத்தைக் காசில் பொறியாதவன், செசாரியா பட்டணத்துக் காசில் அதைப் பொறித்து, மகா அரசன் என்றும் எழுதுவித்தான். 44-ல் அதே பட்டணத்தில் வெள்ளி இழை உடை தரித்துச் சபை நடுவே தோன்றினான். ஜனங்கள் அவனைத் தெய்வமென்று ஆர்ப்பரித்தார்கள். அவன் தடுக்கவில்லை. அங்கேயே கொடிய வயிற்றுநோவு கண்டது. ஐந்து நாளில், 54-ம் வயதில் மாண்டான்.

ஆலயத்தில் சங்கிலியைத் தொங்கவிட்டவன் அது சொல்லிய பாடத்தை மறந்தான். அன்பர்களே, கடனும் நோயும் நெருக்கிய நாளில் நாம் முழந்தாளிட்டு அழுதோம். கஷ்டம் தீர்ந்த பின்பு, அதே கஷ்டத்தில் இருப்பவன் நம் வாசலில் வந்து நின்றால், அவனை எந்த முகத்தோடு பார்க்கிறோம்?