ஓட்டோ லோவி

போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைக்கு ஏறும் மெட்டுச் சாலையில் குரங்குக் கூட்டங்களைக் காணாதார் இலர். எறிந்த நிலக்கடலை வீழ்ந்த இடத்திற்கு இளங்குரங்குகள் தப்பாது பாய்கின்றன. கிழக்குரங்கோ சற்றே தயங்கி வேறிடம் தேடுவதுண்டு. மூப்பு மூளையில் செய்வது யாது என வினவுவோர் முதலில் அறியத்தக்கது ஓட்டோ லோவியின் சரித்திரம்.

ஜெர்மனியிலுள்ள பிராங்பர்ட் நகரில் 1873 ஆம் ஆண்டு யூத வணிகர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்த லோவி, கலை வரலாறு கற்க விழைந்தும், வைத்தியமே பயின்றார். 1909 இல் ஆஸ்திரியாவின் கிராத்ஸ் சர்வகலாசாலையில் மருந்தியல் ஆசிரியரானார்.

நரம்பு தன் செய்தியை மின்சாரத்தால் அனுப்புகிறதா, இரசத்தால் அனுப்புகிறதா என்பது அந்நாளில் தீராத வழக்கு. ஓரிரவு கனவில் அவருக்கு ஒரு சோதனை தோன்றிற்று. விழித்து எழுதிவைத்தார், காலையில் தம் கையெழுத்தே தமக்கு விளங்கவில்லை! மறுநாள் இரவும் அக்கனவு வரவே, அப்பொழுதே சோதனைச்சாலைக்கு விரைந்தார். ஒரு தவளையின் இதயத்தை நரம்பு வழியே தூண்டி அடக்கினார். அதில் ஊறிய நீரை நரம்பு நீக்கிய மற்றோர் இதயத்தில் விட்டார். அதுவும் மெல்லத் துடித்தது. 1921 இல் வெளியான இச்சோதனையால் இரசமே தூதென்று நிறுவப்பட்டது. அவ்விரசம் அசிட்டைல்கோலின்.

அத்திரோப்பின் என்னும் நஞ்சு தூதின் புறப்பாட்டைத் தடுப்பதில்லை, அதன் பயனையே தடுக்கின்றது என்றும் அவர் கண்டார். நம் சாலையோர ஊமத்தையிலும் உள்ள நஞ்சே அது. தூது வந்தும், வாங்கும் வாயில் அடைபட்டுக் கிடக்கின்றது. அவ்வாயிலையே ஏற்பி என்கிறோம்.

1936 இல் ஹென்றி டேலுடன் நோபெல் பரிசு பெற்றார். 1938 மார்ச்சில் நாஜிகள் ஆஸ்திரியாவில் புகுந்த இரவே, 64 வயதினரான அவரைச் சிறையிலிட்டனர். உயிர் போகுமோ என்பதினும் தம் கடைசி ஆராய்ச்சி மறைந்துபோகுமோ என்பதே அவர் கவலை. ஓர் அஞ்சலட்டை பெற்று, அதன் முடிவை எழுதி விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்பிய பின்னரே அவர் மனம் ஆறினார். பரிசுப் பணத்தைப் பறிகொடுத்து விடுதலையாகி, 1940 இல் நியூயார்க் சேர்ந்தார். 1961 டிசம்பர் 25 இல் 88 ஆம் வயதில் மறைந்தார்.

முதிய குரங்குகளின் மூளை பற்றி 1996 இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, நினைவைப் பதிக்கும் பகுதியில், குளுடமேட் என்னும் பிறிதொரு தூதை வாங்கும் ஏற்பிகளுள் ஒருவகை குறைந்திருந்ததைக் காட்டிற்று. அங்கே நரம்பணுக்கள் மாண்டிருக்கவில்லை. அணு உயிரோடிருக்குமாயின் மருந்துக்கு இடமுண்டன்றோ? அசிட்டைல்கோலின் விரைந்து அழியாதபடி காக்கும் மருந்தொன்றின் செயலையும் லோவி 1926 இல் விளக்கியிருந்தார். இன்று மறதிநோயாளருக்கு வழங்கும் டோனெபெசில் அவ்வழியே வேலை செய்கின்றது. நோயை அறுப்பதில்லை, சிறிது காலம் நினைவுக்குத் துணைநிற்கின்றது.