ஜி.டி.நாயுடு: பட்டறையையே பள்ளிக்கூடமாகப் பார்த்த கோவைக்காரர்

வீட்டில் ஓடும் தண்ணீர் மோட்டாரின் நடுத்தண்டைக் கவனித்தால் இரண்டு வேலைகள் தெரியும். உருண்டையாகக் கடைந்தது லேத். அதில் நீளவாக்கில் பள்ளம் வெட்டியது மில்லிங் மெஷின். லேத்தில் ஜாப் சுற்றும், டூல் சுற்றாது. மில்லிங்கில் டூல் சுற்றும். பெண்ணாடம், விருத்தாசலம் மாதிரி ஊர்களில் உள்ள சின்னப் பட்டறை என்றால், ஒரு மெஷினில் கழற்றி இன்னொன்றில் மாட்ட வேண்டும். மாட்டும்போது துளி நகர்ந்தாலும் ‘சென்டர் அவுட்’, ஜாப் வீண்.

இந்தத் தலைவலிக்கு மருந்துதான் ‘டர்ன்-மில்’ இயந்திரம். ஒரே பிடியில் கடைசலும் மில்லிங்கும் முடிந்துவிடும். இப்படிப்பட்ட இயந்திரங்கள் பரவலாகும் முன்பே மறைந்துவிட்டார் ஜி.டி.நாயுடு. ஆனால், கோவையில் இந்தத் தொழில் வேரூன்றிய கதையை அவரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

யார் இவர்?

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் மனசு அதிலேயே நின்றது. கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் செய்த வேலை, அதைக் கழற்றித் திரும்பப் பூட்டியது. அதுதான் அவர் படித்த முதல் பாடம்.

பஸ்ஸிலிருந்து மோட்டாருக்கு

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை பொள்ளாச்சி - பழநி இடையே ஓட்டத் தொடங்கினார். அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல், டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து பீளமேட்டில் மின்மோட்டார் தயாரித்தார். இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் என்று அறியப்படுவது அதுதான். மோட்டார் செய்ய வேண்டும் என்றால் வார்ப்பு, கடைசல், மில்லிங், காயில் சுற்றுதல் என எல்லாக் கைவேலையும் ஒரே ஊரில் கிடைக்க வேண்டும். இன்றைக்கும் கோவையின் பலம் அதுவே.

எங்கே முட்டியது?

1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் கொண்டுவந்தார். அரசு லைசென்ஸ் தரவில்லை. கார் அத்தோடு நின்றது. வரிக் கொள்கையை எதிர்த்து, தான் செய்த பொருள்களைப் பொதுவெளியில் தானே உடைத்தும் காட்டினார். அதனால் விதி மாறவில்லை. கைத்திறன் இருந்தாலும் அனுமதி இல்லாவிட்டால் பொருள் சந்தைக்கு வராது என்பதை அவர் வாழ்க்கை காட்டியது.

படிப்பு எத்தனை வருஷம்?

1945-ல் அவர் முயற்சியில் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கின. கல்லூரிக்கு அவரே முதல்வர். பொறியியலுக்கு நான்கு வருஷம் எதற்கு, நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தால் இரண்டே போதும் என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை, அவர் விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

வாதம் மட்டும் முடியவில்லை. டர்ன்-மில் இயந்திரத்துக்கு புரோகிராம் எழுதுபவருக்கு, எந்த உலோகம் எப்படி வெட்டுப்படும் என்ற கைப்பழக்கமும் வேண்டும். வரைபடத்தைப் படிக்கும் கணக்கும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் வேலைக்கு ஆகாது. நாயுடு கைப்பழக்கத்தின் பக்கம் நின்றார், அரசு பாடத்திட்டத்தின் பக்கம் நின்றது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்கிறது இன்றைய இயந்திரம்.

பிறகு?

1974 ஜனவரி 4-ல் நாயுடு காலமானார். ஜெர்மனியின் வைலர் தொழில்நுட்பத்துடன் துல்லிய லேத்துகள் செய்யும் கோவை ஜீடி வைலர், அவர் குடும்பத்தாரின் நிறுவனம். அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. அருங்காட்சியகத்தில் அவருடைய கண்டுபிடிப்புகளை நேரில் பார்க்கலாம்.