ஸர் ஜோஸப் விட்வொர்த்

ஒரு தேசத்துத் தொழிலாளரின் கைத்திறனை அறிய விரும்புவோர், அங்கே செய்யப்படும் குறிப்பந்தயத் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தால் போதும். குழலின் துளை மயிரிழையளவு மாறினாலும், திருகாணி ஒன்று தளர்ந்தாலும், ஆயிரம் கஜத்துக்கு அப்பால் குண்டு இலக்கைத் தவறிவிடும். இந்நுட்ப வேலைக்கு இங்கிலாந்தில் அடிகோலியவர்களுள் முதன்மையானவர் ஸர் ஜோஸப் விட்வொர்த். உள்நாட்டுத் தொழிலாளரை ஆதரிப்பதென்றால் என்னவென்பதை அவருடைய சரித்திரம் நன்கு விளக்குகிறது.

1803-ம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி ஸ்டாக்போர்ட் நகரில் ஓர் உபாத்தியாயரின் குமாரராக அவர் பிறந்தார். பஞ்சாலை வைத்திருந்த உறவினரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார். ஆயினும் அவர் மனம் வியாபாரத்தில் செல்லாமல் யந்திரங்களிலேயே சென்றது. லண்டனில் மாட்ஸ்லே என்ற நிபுணரிடம் பயின்று, 1833-ல் மாஞ்செஸ்டரில் சொந்தப் பட்டறை திறந்தார். அக்காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன்னிஷ்டம் போல் திருகாணிக்கு மரையிட்டது. ஒரு பட்டறையின் ஆணி மற்றொரு பட்டறையின் துளையில் பொருந்தாது. 1841-ல் அவர் எல்லோருக்கும் பொதுவான அளவை வகுத்தளித்தார். ரயில்வே கம்பெனிகள் அதனை ஏற்றன. அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கையும் காட்டும் யந்திரம் ஒன்றையும் செய்து, 1851-ல் லண்டன் பொருட்காட்சியில் வைத்தார்.

1854-ல் சர்க்கார் அவரது உதவியை நாடினர். துப்பாக்கி செய்யும் யந்திரங்கள் வேண்டுமென்றனர். எப்படிப்பட்ட குழல் நேராகச் சுடுமென்பதை முதலில் பரீட்சித்தறிய வேண்டுமென்று அவர் வற்புறுத்தினார். அதன்மேல் சர்க்கார் செலவிலேயே 500 கஜ நீளமுள்ள பரீட்சைக் கூடம் அவருக்காகக் கட்டப்பட்டது. பட்டாளத்தின் என்பீல்டு துப்பாக்கியின் துளை 0.577 அங்குலம், அவர் அமைத்த ஆறு பட்டைத் துளையோ 0.451 அங்குலமே. 1857-ல் ஹைத் என்னுமிடத்தில் நடந்த பரீட்சையில் இது என்பீல்டை எளிதில் வென்றது. 1,400 கஜத்தில் என்பீல்டின் குண்டு இலக்கையே தொடவில்லை.

எனினும் ராணுவ அதிகாரிகள் துளை மிகச் சிறியதென்றும், விலை அதிகமென்றும் கூறி அதனைத் தள்ளிவிட்டனர். பரீட்சைக்குப் பணம் தந்த சர்க்கார், பரீட்சையின் பயனை வாங்கிக்கொள்ளவில்லை! ஆதரித்தவர்கள் குறிப்பந்தயக்காரர்களே. 1860 ஜூலை 2-ந் தேதி விம்பிள்டனில் நடந்த முதற் பந்தயத்தை விக்டோரியா ராணி விட்வொர்த் துப்பாக்கியால் துவக்கினார். 400 கஜத்துக்கப்பால் குண்டு இலக்கின் மையத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் பாய்ந்தது. 1871-ல் அந்த ராணுவமே ஏற்ற மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் துளையோ ஏறக்குறைய விட்வொர்த் சொன்ன அளவாகவே அமைந்தது.

அவர் மனக்கசப்போடு ஒதுங்கிவிடவில்லை. 1868-ல் இளந்தொழிலாளர் கல்விக்காக வருஷத்துக்கு 100 பவுன் வீதம் 30 உபகாரச் சம்பளங்களை ஏற்படுத்தினார். 1887 ஜனவரி 22-ந் தேதி மாண்டி கார்லோவில் காலமானார்.

தொழிலாளனைப் புகழ்வது எளிது. அவனுக்குப் பரீட்சைக் கூடமும் பொது அளவும் கல்வியும் அளிப்பது அதனினும் மேல். ஆனால் அவன் செய்த நற்பொருளைத் தக்க சமயத்தில் விலை கொடுத்து வாங்குவதே ஆதரவின் முடிவான இலக்கணம். அந்தக் கடைசிப் படியில் தவறிய அதிகாரிகள் பதினான்கு வருஷங்களை வீணாக்கினர்.