பறவைகளைத் தேடிய மருத்துவர்

நுழையும்முன்

நூலகமும் ஆய்வுக்கூடமும் அருகில் இல்லாத இடத்தில் அறிவியல் வளருமா? நோயாளிகளுக்கு மருந்தளித்துக்கொண்டே பறவைகளின் வாழ்வையும் எறும்புகளின் இயல்பையும் பதிவுசெய்த தாமஸ் ஜெர்டனின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

கிழக்குக் கரையில்

இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் 1811ஆம் ஆண்டு பிறந்த ஜெர்டன், எடின்பரோவில் மருத்துவம் பயின்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராக 1836ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை வந்தார். வங்கக் கடலோரத்திலுள்ள கஞ்சம் பகுதியில், காய்ச்சலாலும் சீதபேதியாலும் அல்லலுற்ற படையினருக்கு மருத்துவம் செய்யும் பணி அவருக்குக் கிடைத்தது. அப்பணிக்கு நடுவே, கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதியின் பறவைகளை உற்றுநோக்கத் தொடங்கினார்.

அந்துப்பூச்சி கற்பித்த பாடம்

பறவைகளின் இனத்தை உறுதிசெய்ய ஐரோப்பிய அறிஞர்களை நாடுவதே அக்கால வழக்கம். ஜெர்டனும் தாம் பதப்படுத்திய பறவைத் தோல்களை ஸ்காட்லாந்திலிருந்த பறவையியல் அறிஞர் வில்லியம் ஜார்டினுக்கு அனுப்பினார். அவை நெடும்பயணம் முடித்துச் சேர்ந்தபோது அந்துப்பூச்சிகளுக்கு இரையாகியிருந்தன. எதிர்பார்த்த துணை கைகூடவில்லை. ஜெர்டனோ சோர்ந்துவிடவில்லை. தம் கண்களால் கண்டு தெளிந்ததையே நம்பித் தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலை உருவாக்கினார். 1839, 1840ஆம் ஆண்டுகளில் சென்னையின் இலக்கிய அறிவியல் இதழில் வெளிவந்த அப்பட்டியலில் ஏறத்தாழ 420 இனங்கள் இடம்பெற்றன.

மண்ணின் அறிவு

பின்னர் நெல்லூரில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன், அப்பகுதியின் பழங்குடியினரான யானாதியரோடு பழகினார். பறவைகளுக்கு அவர்கள் வழங்கிய பெயர்களையும் அவற்றைப் பற்றி அவர்கள் அறிந்திருந்த செய்திகளையும் கேட்டுப் பதிவுசெய்தார். 1843 முதல் 1847 வரை சென்னையில் பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய படநூலில் ஐம்பது பறவைகளின் உருவங்கள் உள்ளன. அவற்றைத் தீட்டியவர்கள் இந்திய ஓவியர்கள்.

மலபார்க் கரையிலுள்ள தலச்சேரியிலும் அவர் பணியாற்றினார். பறவைகளைப் போலவே எறும்புகளும் அவர் கருத்தைக் கவர்ந்தன. தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை 1851ஆம் ஆண்டு வெளியிட்டார். நீண்ட தாடைகளையும் பெரிய கண்களையும் கொண்ட எறும்பு ஒன்று துள்ளிப் பாய்வதைக் குறிப்பிட்டு, தாவுதல் என்னும் பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினார். அவ்வெறும்பு இன்றும் அறிஞர்களின் ஆய்வுப்பொருளாக விளங்குகிறது.

1862 முதல் 1864 வரை வெளிவந்த இந்தியப் பறவைகள் என்னும் நூல் அவருடைய பெரும்பணி. நாடு முழுவதற்குமான பறவைகளைத் தொகுத்துரைத்த அந்நூல், பின்வந்த ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியது. ஜெர்டன் 1872ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மறைந்தார்.

மீண்டு வந்த பறவை

மார்பில் இரு பட்டைகளை உடைய சிறிய தரைப்பறவை ஒன்றை ஜெர்டன் கண்டறிந்திருந்தார். ஜெர்டன் கோர்சர் என அவர் பெயராலேயே அது வழங்கலாயிற்று. 1900ஆம் ஆண்டுக்குப் பின் அப்பறவை எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் கருதினர். 1986ஆம் ஆண்டு கடப்பை மாவட்டத்தின் புதர்க்காட்டில் அது மீண்டும் கண்டறியப்பட்டது. பகலில் மறைந்து இரவில் நடமாடும் அப்பறவையைக் கண்டறிய ஆய்வாளர்களுக்கு உதவியவர் உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர். ஜெர்டன் மதித்துப் போற்றிய மண்ணின் அறிவே, அவர் பெயர் தாங்கிய பறவையையும் மீட்டுத் தந்தது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமே சேர்வராயன் மலை. அங்குள்ள வாழவந்தி போன்ற சிற்றூர்களிலும் பறவைகளின் குரலை இனங்காணும் பெரியோர் இருப்பர். கோடையின் தொடக்கத்தில் ஒரு காலைப்பொழுது அவர்களோடு நடந்து, அவர்கள் சொல்லும் பெயர்களை எழுதிவைக்கும் மாணவரும் ஜெர்டன் நடந்த வழியிலேயே நடக்கிறார்.