பொய் சொல்லிச் சோதித்த விஞ்ஞானி

நம் சுவர் இதழில் வழக்கமாக எல்லோரும் புகழும் மேதைகளைப் பற்றித்தான் எழுதுவோம். இந்த முறை நான் எழுதப்போவது சிலர் புகழ்ந்து சிலர் திட்டிய ஒருவரைப் பற்றி. அவர் பெயர் ஸ்டான்லி மில்கிராம். மனிதர்களின் மனசை ஆராய்ந்த சமூக உளவியல் அறிஞர்.

பிறப்பும் படிப்பும்

மில்கிராம் 1933-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். நம்ம சுதந்திர தினமும் அதே தேதிதான். ஆனால் நமக்குச் சுதந்திரம் கிடைக்க அப்போது இன்னும் 14 வருஷம் இருந்தது. அவருடைய அப்பா ஹங்கேரியிலிருந்தும் அம்மா ருமேனியாவிலிருந்தும் பிழைக்க வந்த யூதர்கள். அப்பா ரொட்டி, கேக் சுடும் வேலை செய்தார்.

கல்லூரியில் அரசியல் படித்த மில்கிராம், பிறகு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1960-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் சாலமன் ஆஷ் என்ற அறிஞரிடம் உதவியாளராக இருந்தார். ஆஷ் சில கோடுகளைக் காட்டி, எது எதுக்குச் சமம் என்று கேட்பார். முன்கூட்டியே பேசி வைத்த ஆட்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார்கள். விஷயம் தெரியாத ஒருத்தர் மட்டும் என்ன செய்கிறார் என்று பார்ப்பார். பலரும் சில தடவையாவது கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டு கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகவே சொன்னார்கள்!

அவர் மனதில் எழுந்த கேள்வி

இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் ஆட்கள் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். பிடிபட்ட அதிகாரிகள் பலர், மேலிடத்து உத்தரவைத்தான் செய்தோம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார்கள். உத்தரவு போட்டால் சாதாரண மனிதன்கூட இன்னொருவனைத் துன்புறுத்துவானா? இதைக் கண்டுபிடிக்க மில்கிராம் நினைத்தார்.

1961-ல் யேல் பல்கலைக்கழகம் இருந்த நியூஹேவன் ஊர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். ஞாபக சக்தி பற்றிய ஆராய்ச்சி, ஒரு மணி நேரத்துக்கு 4 டாலர், பஸ் செலவுக்கு 50 சென்ட் தனி என்று அதில் இருந்தது. முதல் பொய் இதுதான். ஆராய்ச்சி ஞாபக சக்தியைப் பற்றியதே இல்லை.

வந்தவரோடு இன்னொருவரையும் நிறுத்தி, யார் ஆசிரியர், யார் மாணவர் என்று சீட்டுக் குலுக்குவார்கள். இரண்டு சீட்டிலும் ஆசிரியர் என்றே எழுதியிருக்கும். அந்த இன்னொருவர் நடிக்க வந்தவர், உண்மையில் ஒரு கணக்கர். சாம்பல் நிறக் கோட்டுப் போட்டு விஞ்ஞானி மாதிரி நின்றவரும் விஞ்ஞானி இல்லை, பள்ளிக்கூட உயிரியல் ஆசிரியர்.

மாணவரைப் பக்கத்து அறையில் நாற்காலியில் கட்டிவிடுவார்கள். அவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் இவர் சுவிட்சைப் போட்டு ஷாக் கொடுக்கணும். மொத்தம் 30 சுவிட்சுகள், 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரைக்கும். நம்புவதற்காக முதலில் இவருக்கே 45 வோல்ட் ஷாக் கொடுத்துக் காட்டுவார்கள். அது மட்டும்தான் நிஜம். அந்தப் பக்கம் கரண்டே போகவில்லை.

300 வோல்ட் வந்ததும் பக்கத்து அறையிலிருந்து சுவரை இடிக்கும் சத்தம் கேட்கும். 315-க்கு இன்னொரு முறை. அப்புறம் சத்தமே இருக்காது. இவர் பயந்து நிறுத்தினால், கோட்டுப் போட்டவர் தொடர்ந்து செய்யத்தான் வேண்டும் என்று அமைதியாகச் சொல்வார்.

ஆயிரத்தில் ஒருத்தர்தான் கடைசி வரை போவார் என்று மனநல மருத்துவர்கள் கணித்தார்கள். ஆனால் 1963-ல் வெளியான முதல் ஆய்வில் 40 பேரில் 26 பேர் 450 வரை போனார்கள்! அவர்கள் கொடியவர்கள் இல்லை. வியர்த்தார்கள், நடுங்கினார்கள், சிலர் காரணமில்லாமல் சிரித்தார்கள். மூன்று பேருக்கு வலிப்பே வந்துவிட்டது.

எழுந்த எதிர்ப்பு

1964-ல் டயானா பாம்ரிண்ட் என்ற பெண் உளவியல் அறிஞர் இதைக் கண்டித்து எழுதினார். உதவி செய்ய நம்பி வந்தவரை ஏமாற்றி, இவ்வளவு வேதனைப்படுத்துவது சரியா என்று கேட்டார். பரிசோதனை முடிந்த பிறகு கடிதம் அனுப்பிக் கேட்டதில், பதில் போட்டவர்களில் 84 சதவீதம் பேர் கலந்துகொண்டதில் மகிழ்ச்சி என்றே சொன்னதாக மில்கிராம் பதில் கொடுத்தார். ஆனாலும் அமெரிக்க உளவியல் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்ப்பதை ஒரு வருஷம் தள்ளி வைத்தது. ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1967 முதல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். 1984 டிசம்பர் 20-ல் மாரடைப்பால் இறந்தார். வயது 51தான்.

யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை என்று அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லியிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறும். ஆனால் பலருக்கு முழு உண்மையும் மாதக்கணக்கில் சொல்லப்படவில்லை என்று ஜினா பெரி என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்து 2012-ல் புத்தகம் எழுதினார்.

இதை எங்கள் ஆயாவிடம் கதையாகச் சொன்னேன். ஷாக் அடிக்கவில்லை என்று தெரிந்தால் மட்டும் போதுமா, நான் கையை வைத்தேனே என்று அந்த ஆளுக்கு ராத்திரி தூக்கம் வருமா என்று ஆயா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நம்ம ஊர்ச் சோதனை

நமக்குத் தெரிந்த வல்லாள மகாராஜா கதையும் ஏமாற்றிச் சோதித்த கதைதானே! கேட்டதை இல்லை என்று சொல்லாத அந்த ராஜாவைச் சிவபெருமான் அடியார் வேடத்தில் வந்து சோதித்தார் என்று தல புராணம் சொல்கிறது. ஆனால் சோதித்ததோடு அவர் போய்விடவில்லை. தான் யார் என்று காட்டினார். பிள்ளை இல்லாத ராஜாவுக்குத் தானே பிள்ளையானார். அதனால்தான் இன்றைக்கும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். சாமியே ஒருத்தரைச் சோதித்ததற்கு வருஷா வருஷம் கடன் தீர்க்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் மனுஷர் எவ்வளவு தீர்க்கணும்?

மில்கிராமால் வந்த மாற்றம்

இந்தச் சண்டையால் நல்லதும் நடந்தது. 1973-ல் அமெரிக்க உளவியல் சங்கம், மனிதர்களை வைத்து ஆராய்ச்சி செய்வதற்கு 10 நெறிகளை வெளியிட்டது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளும் இதைப் பற்றிப் பேசுகின்றன. விஷயத்தை மறைத்துத்தான் ஆராய்ச்சி செய்ய முடியும் என்றால், அதை முதலில் நெறிமுறைக் குழு கவனமாகப் பரிசீலிக்க வேண்டும். ஆராய்ச்சி செய்பவரே தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்ள முடியாது.

என் கருத்து

மில்கிராம் கண்டுபிடித்தது நமக்கு ரொம்பத் தேவையானது. பெரியவர்கள் சொன்னாலும் தப்பு தப்புதான் என்று மறுக்கும் தைரியம் எவ்வளவு கஷ்டம் என்று காட்டினார். ஆனால் அந்த உண்மைக்கு விலை கொடுத்தவர் அவர் இல்லை, 4 டாலருக்கு வந்த சாதாரண மக்கள். தன்னைப் பற்றி அப்படி ஒன்றைத் தெரிந்துகொள்ள அவர்கள் சம்மதிக்கவே இல்லை.

நாமும் தோழியிடம் ஒரு பொய்யைச் சொல்லி, அவள் அழுத பிறகு, சும்மா டெஸ்ட் பண்ணினேன் என்று சிரிப்போம். இனிமேல் அப்படிச் செய்யும் முன் ஒரு நிமிஷம் யோசிப்போமா? இதில் உங்கள் கருத்து வேறாக இருந்தால், அடுத்த இதழுக்கு எழுதித் தாருங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி