வனத்து அந்தோனியார்

வனத்து அந்தோனியார் (ஏறத்தாழ 251 – 356) எகிப்து நாட்டைச் சேர்ந்த கிறித்தவத் துறவியும் புனிதரும் ஆவார். இவர் துறவியரின் தந்தை எனப் போற்றப்படுகிறார். கத்தோலிக்கர் இவரைக் கால்நடைகளின் பாதுகாவலராகவும் கருதுகின்றனர். இவரது திருவிழாவான சனவரி 17 அன்று பல நாடுகளில் விலங்குகளுக்கு ஆசி வழங்கப்படுகிறது. பதுவை அந்தோனியார் (1195–1231) வேறொருவர்.

வாழ்க்கை

இவர் கோமா என்னும் ஊரில் வசதியான கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஏறத்தாழ 20 வயதில் பெற்றோரை இழந்தார். உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுக்குமாறு செல்வந்தன் ஒருவனுக்கு இயேசு கூறிய நற்செய்திப் பகுதியைக் கோவிலில் கேட்டபின், தம் சொத்துகளைத் துறந்தார். தங்கையைக் கன்னியரிடம் ஒப்படைத்தார். பின்னர் பாழடைந்த கோட்டை ஒன்றில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தனிமையில் தவம் செய்தார். 311ஆம் ஆண்டளவில் கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது அலெக்சாந்திரியா சென்று, சிறைப்பட்டோருக்குத் துணைநின்றார்.

இறுதிக் காலத்தில் செங்கடலுக்கு அருகிலுள்ள மலையில் வாழ்ந்தார். அங்கு இவரது தோட்டத்தைக் காட்டு விலங்குகள் அழித்தன. இனி வரவேண்டாம் என்று இவர் அன்புடன் கேட்டுக்கொண்டதும் அவை விலகிச் சென்றதாக ஆயர் அத்தனாசியார் எழுதிய வரலாறு கூறுகிறது. இவரது விருப்பப்படி, சீடர் இருவர் இவரை யாரும் அறியாத இடத்தில் அடக்கம் செய்தனர்.

பன்றியும் மணியும்

இவருடையவை என நம்பப்பட்ட எலும்புகள் 11ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வணங்கப்பட்டன. அங்கு 1095ஆம் ஆண்டளவில் அந்தோனியார் பெயரில் மருத்துவப் பணிச் சபை ஒன்று தோன்றியது. ரை தானியத்தில் வளரும் பூஞ்சையால் கைகால்கள் கருகி அழுகும் நோய் அக்காலத்தில் பரவியிருந்தது. அந்தோனியார் நெருப்பு எனப்பட்ட அந்நோய்க்குச் சபையினர் பன்றிக் கொழுப்பு கலந்த களிம்பைப் பூசினர். கழுத்தில் மணி கட்டிய அவர்களது பன்றிகள் பல நகரங்களில் தெருக்களில் மேய அனுமதிக்கப்பட்டன. இதனாலேயே ஓவியங்களில் இவருடன் பன்றியும் மணியும் இடம்பெறுகின்றன. காலப்போக்கில் இவர் எல்லாக் கால்நடைகளுக்கும் பாதுகாவலரானார்.

விலங்குகளுக்கு ஆசி

உழவுக்கும் போக்குவரத்துக்கும் விலங்குகளையே நம்பியிருந்த குடும்பங்களுக்கு ஒரு மாட்டின் சாவு பிழைப்பையே பறிப்பதாக இருந்தது. எனவே, மக்கள் தம் விலங்குகளைக் கோவிலுக்குக் கொண்டுவந்து மந்திரித்துச் சென்றனர். உரோமை நகரில் குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் புனித நீர் தெளிக்கும் வழக்கத்தை 1787இல் செருமானிய எழுத்தாளர் கேத்தே நேரில் கண்டு எழுதினார். தற்காலத்தில் உரோமை, மத்ரித் போன்ற நகரங்களில் நாய், பூனை, பறவை ஆகியவற்றையும் மக்கள் கொண்டுவருகின்றனர். அசிசியின் பிரான்சிசு திருநாளான அக்டோபர் 4 அன்றும் இத்தகைய சடங்கு நடைபெறுகிறது. 1984இல் வெளியான கத்தோலிக்க ஆசியுரை நூலிலும் விலங்குகளுக்கான சடங்குமுறை இடம்பெற்றுள்ளது.